கொலனி போட்டார்கள், ஊர் எப்போது வந்தது? – கல்லோயா நமக்குச் சொல்லித்தருவது



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் வாசிக்க வேண்டாம். இஷாவுக்குப் பிறகு ஒரு தேநீரோடு இருந்து வாசியுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும்.

வாய்க்கால் ஓரத்துக் காணியில் வரப்போகும் வீட்டுத்திட்டத்தின் வரைபடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்ததைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுக்களிலும் போட்டிருந்தார்கள். அழகான வரைபடம். நாற்பத்தைந்து வீடுகள், நேரான பாதைகள், ஒரு சிறுவர் பூங்கா. தருபவர்கள் நல்ல மனதோடுதான் தருகிறார்கள். வீடில்லாத குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்பது எனக்கும் தெரியும். ஆகவே இத்திட்டம் வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

பத்தாம் வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டி, "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "டீச்சர், மழத்தண்ணி எங்கால போகும்?" என்று திருப்பிக் கேட்டாள். நான் படத்தைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. வடிகான் எங்கே என்பதும் இல்லை, அதை யார் துப்புரவு செய்வது என்பதும் இல்லை. வரலாறு படிப்பிக்கும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கல்லோயாதான். ஏனென்றால் நமது ஊரே ஒரு காலத்தில் இப்படியொரு வரைபடத்தில் இருந்த இலக்கம்தான்.

ஆற்றுக்கு அணை கட்டிய காலம்

இன்று கல்லோயா என்று சொல்லும் ஆற்றை நம் மூத்தவர்கள் பட்டிப்பளை ஆறு என்றுதான் சொன்னார்கள். மாரியில் பெருகி வயலை மூடும், கோடையில் மணல் தெரியக் கிடக்கும். அந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் வேலையை, சுதந்திரம் கிடைத்து ஓராண்டு கழிந்து, 1949 ஆகஸ்ட் மாதத்தில் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க தொடக்கி வைத்தார். கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. ஒரு கிலோமீற்றருக்கும் அதிக நீளமான அந்த அணைக்குப் பின்னால் தேங்கிய நீரைத்தான் சேனாநாயக்க சமுத்திரம் என்கிறோம். ஏறத்தாழ 770,000 ஏக்கர்-அடி நீரைத் தாங்கும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி. அப்படி ஏழு இலட்சத்து எழுபதாயிரம். இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அது.

அதே 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய டெனசி பள்ளத்தாக்கு அதிகார சபைதான் அதற்கு முன்மாதிரி. ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதையும், அணை, மின்சாரம், வாய்க்கால், பாதை, வீடு, பாடசாலை என்று எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் கையில் கொடுத்துவிடுவது. நமது நாட்டில் அதற்கு முன் இந்த அளவில் யாரும் கிராமங்களைத் திட்டமிட்டதில்லை.

திட்டம் இப்படித்தான் இருந்தது. காடு வெட்டப்படும். ஓர் அலகுக்கு ஏறத்தாழ 150 குடும்பங்கள் குடியேற்றப்படும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு, நான்கு ஏக்கர் வயல், வீட்டோடு இரண்டு மூன்று ஏக்கர் மேட்டுநிலம். அலகுக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். மத்தியமுகாம் பக்கத்தில் இன்றும் 4ஆம் கொலனி, 11ஆம் கொலனி, 12ஆம் கொலனி என்று சொல்கிறோமே, அந்த இலக்கங்கள் எல்லாம் பொறியியலாளரின் மேசையிலிருந்து வந்தவை.

என் மூத்தாப்பா கரையோர ஊரிலிருந்து அப்படி வந்த ஒருவர். மாட்டுவண்டியில் ஒரு பெட்டி, இரண்டு பாய், ஒரு மண்வெட்டி. வந்த முதல் இரவு யானைச் சத்தத்தில் யாரும் தூங்கவில்லை என்று மூத்தம்மா சொல்வார். அவர் அதிகம் சொன்னது யானையைப் பற்றி அல்ல. "பக்கத்து வீட்டுக்காரர் ஆரெண்டே தெரியாது மகள். ஒரு கண்டு சீனி கேக்கக்கூட வெக்கமா இருந்திச்சி" என்பார். வீடு இருந்தது, வயல் இருந்தது, வாய்க்காலில் தண்ணீரும் இருந்தது. ஊர்தான் இன்னும் வரவில்லை.

வரைபடத்தில் விடுபட்டவர்கள்

காடு வெட்டப்பட்டபோது அங்கே ஒருவரும் இருக்கவில்லை என்று நினைக்கக் கூடாது. வேட்டையாடியும் சேனை செய்தும் தேன் எடுத்தும் வாழ்ந்த வேடுவக் குடும்பங்களின் நிலங்கள் நீருக்குள் போயின. ஆற்றின் கீழ்ப்புறத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறைகளாக நெல் செய்துவந்தார்கள். இறக்காமம் குளமும் அம்பாறைக் குளமும் அணைக்கு ஏறத்தாழ தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே, தேசாதிபதி ஹென்றி வோர்ட் காலத்தில் திருத்தப்பட்டவை.

அந்தப் பழைய வயல்களில் ஓர் ஒழுங்கு இருந்தது. வயற்பரப்பு வட்டைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு வட்டைக்கும் விவசாயிகள் கூடி ஒரு வட்டவிதானையைத் தெரிவார்கள். எப்போது தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் வாய்க்கால் வெட்டுவது, எப்போது வேலி அடைப்பது, மாடு எப்போது வெளியேற வேண்டும் என்பதெல்லாம் போகத் தொடக்கத்தில் கூடிப் பேசி முடிவாகும். தன் பங்கு வாய்க்காலை வெட்டாதவருக்குக் குற்றம் உண்டு. 1856இல் வந்த நீர்ப்பாசனச் சட்டம் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. வழக்கத்தில் இருந்த இந்த ஒழுங்குக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. இன்றும் நாம் போகும் ஆரம்பக் கூட்டம் அந்த வழியில் வந்ததுதான். போடியார்களின் கை ஓங்கியிருந்த ஒழுங்கு அது, ஏழை விவசாயிக்கு எப்போதும் நீதியாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாய்க்கால் யாருடையது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒரு பதில் இருந்தது.

புதிய கொலனிகளில் அந்தப் பதில் மாறிவிட்டது. வாய்க்கால் சபையுடையது. கதவைத் திறப்பது சபையின் ஆள். உடைந்தால் திருத்துவதும் சபை. குடியேறியவர் செய்ய வேண்டியது விதைப்பதும் அறுப்பதும் மட்டும். முதல் சில வருடங்களுக்கு இது வசதியாகத்தான் தெரிந்திருக்கும்.

அலகுகளில் பெரும்பாலானவை வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்களுக்குப் போயின. கீழ்ப்புறத்தில் சில தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைத்தன. காணிப் பங்கீடு பற்றிய கசப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது. 1956 ஜூனில், தனிச்சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களில், கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழருக்கு எதிராக வன்முறை வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதற்குக் காரணம் அரசியல்தான், வாய்க்கால் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒரே தண்ணீரில் தங்கி வாழ வைத்த திட்டம், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு ஓர் இடத்தையும் ஏற்படுத்தி வைத்திருக்கவில்லை. வதந்தி வந்தபோது "அப்படி இல்லை" என்று சொல்ல மறுபக்கத்தில் அறிமுகமான ஒரு முகம் பலருக்கு இருக்கவில்லை.

மகளுக்கு வீடு இல்லாத சட்டம்

இனி சொல்லப்போவது நம் வீடுகளுக்கு உள்ளே நடந்தது.

குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. காணி துண்டாகக் கூடாது, கடனில் போய்விடக் கூடாது என்பது அச்சட்டத்தின் நோக்கம். நல்ல நோக்கம். அதற்காக ஒரு காணிக்கு ஒரு பின்னுரித்தாளர் என்று வைத்தார்கள். காணிக்காரர் யாரையும் நியமிக்காமல் மௌத்தாகிவிட்டால், துணைக்குப் பிறகு உரிமை வரிசையில் மகன்மார் முதலில், மகள்மார் அடுத்து.

நம் கிழக்கு மாகாண வழக்கம் என்ன? மகள் கல்யாணம் முடித்தால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெற்றோர் பின்னால் ஒரு குசினியும் அறையும் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். இரண்டாவது மகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வீடு. இந்த வழக்கம் சீதனச் சுமையாக வாப்பாமாரையும் காக்காமாரையும் படுத்தும் பாடு வேறு கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் ஊர் இப்படித்தான் வளர்கிறது. கொழும்பில் இருந்து திட்டம் போட்டவர்களுக்கு இது தெரியாது. தெரிந்த யாரிடமும் கேட்கவும் இல்லை.

விளைவை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். சட்டப்படி துண்டாடக் கூடாத மேட்டுநிலத்தில் மூன்று மகள்மாருக்கு மூன்று வீடு எழும்பியது. பெர்மிட் மூத்த காக்காவின் பெயரில் கிடந்தது. நால்வரும் ஒற்றுமையாக இருந்தவரை பிரச்சினை இல்லை. ஒரு சண்டை வந்தால் முப்பது வருடம் இருந்த வீட்டில் தாத்தாவுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வங்கிக் கடன் எடுக்க முடியாது, வெள்ளத்தில் வீடு இடிந்தால் நட்டஈட்டுக்கு விண்ணப்பிப்பதும் கஷ்டம். 2022இல்தான் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆணுக்கு முதலிடம் என்ற வரிசையை நீக்கியது. எண்பத்தேழு வருடம். மூத்தம்மாவின் ஆயுளைவிட நீளம்.

உடைந்த கதவுகள்

1960களின் நடுப்பகுதியில் கல்லோயாச் சபையின் இடத்துக்கு ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபை வந்தது. பிறகு வாய்க்கால்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கைக்குப் போயின. பராமரிப்புக்கு வரும் காசு குறைந்துகொண்டே போனது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பி.எச். ஃபார்மர் தலைமையில் அரசாங்கம் நியமித்த குழு 1970இல் அறிக்கை வெளியிட்டது. போட்ட பணத்துக்கு ஏற்ற பலன் கிடைக்கவில்லை என்பதே அதன் கணக்கு.

1970களின் முடிவில் இடதுகரை வாய்க்கால் நாட்டிலேயே மிக மோசமான நிலையிலுள்ள நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்று என்று பெயரெடுத்திருந்தது. ஏறத்தாழ 65,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டிய வாய்க்கால். கதவுகள் உடைந்து கிடந்தன. சிலதை விவசாயிகளே உடைத்திருந்தார்கள், ஏனென்றால் பூட்டிய கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. தலைப்பகுதியில் இருப்பவர் இரவும் பகலும் தண்ணீர் பாய்ச்சுவார். நாளை வருமோ என்ற பயம் அவருக்கு. வால்பகுதியில் இருப்பவருக்குப் பல சிறுபோகங்களில் வாய்க்காலில் தூசிதான் வந்தது. வால்பகுதியில் இருந்தவர்கள் யார்? தமிழரும் நாமும்தான். அதிகாரிகள் விவசாயிகளைக் களவாளிகள் என்றார்கள். விவசாயிகள் அதிகாரிகளைச் சோம்பேறிகள் என்றார்கள். இரவில் வக்கடை காவலுக்கு மண்வெட்டியோடு நின்ற வாப்பாமாரின் கதைகளை நம் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். சிங்களவர்தான் தண்ணீரை மறிக்கிறார் என்று நம்மவர்கள் சொல்வார்கள். ஆனால் ஒரே வாய்க்காலில் இரண்டு காக்கா தம்பிமார் வெட்டுக்குத்துக்குப் போனதும் அதே காலத்தில்தான்.

கொங்கிறீட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. இல்லாமல் போனது முறை.

1981 சிறுபோகம்

இந்தப் பகுதியை நான் ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில்தான் முதன்முதலாக வாசித்தேன். நமது மாவட்டத்தில் நடந்த ஒன்றை உலகத்துப் பல்கலைக்கழகங்கள் படிக்கின்றன, நமக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்று அன்று வெட்கமாக இருந்தது.

1980 அளவில் அமெரிக்க உதவியோடு இடதுகரையைப் புனரமைக்கும் வேலை தொடங்கியது. இந்த முறை சீமெந்தோடு மனிதர்களும் வந்தார்கள். கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பல்கலைக்கழகப் படிப்பு முடித்த இளைஞர் யுவதிகளைத் தெரிந்து, 1981 மார்ச்சில் விவசாயிகளின் நடுவே குடியிருக்க அனுப்பின. கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் பிறகு இந்த அனுபவத்தை ஒரு நூலாகவே எழுதினார்.

அந்த இளைஞர்கள் முதலில் சங்கம் அமைக்கவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் தெரியவில்லை. வீடு வீடாகப் போய், "உங்கள் வாய்க்காலில் என்ன கஷ்டம்?" என்று கேட்டார்கள். ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து இருபது பேரை, வரம்பிலோ ஒருவரது வீட்டு முற்றத்திலோ இருத்திப் பேச வைத்தார்கள். முதலில் ஒரு வேலை. வாய்க்காலைத் துப்புரவாக்குவது, அல்லது முறை வைத்துத் தண்ணீர் எடுப்பது. வேலை நடந்த பிறகுதான் பிரதிநிதி. அவரையும் வாக்கெடுத்துத் தெரியவில்லை. எல்லோரும் சம்மதிக்கும் ஒருவரைப் பேசித் தெரிந்தார்கள்.

அந்த வருடம் சிறுபோகத் தொடக்கத்தில் குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. மண்டை உடைய வேண்டிய வருடம். நடந்தது வேறு. சில வாரங்களுக்குள் முன்னோடிப் பகுதி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் கூலியில்லாமல் வாய்க்கால் வெட்டினார்கள். பல வருடம் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களில் தண்ணீர் ஓடியது. முறை வைத்துப் பாய்ச்சினார்கள். சில இடங்களில் தங்களுக்குரிய தண்ணீரில் மிச்சம் பிடித்துக் கீழே இருப்பவருக்கு விட்டார்கள். மேலே இருந்தவர் சிங்களவர், கீழே இருந்தவர் தமிழர் என்ற இடங்களிலும் இது நடந்தது.

அப்படியென்றால் அதற்கு முன் இவர்கள் கெட்ட மனிதர்களா? இல்லை. அதே மனிதர்கள்தான். கீழ்வயல்காரர் யாரென்று தெரியாதவரை அவர் ஒரு தொலைவு. முற்றத்தில் ஒன்றாக இருந்து வெற்றிலை போட்ட பிறகு அவருக்கு ஒரு பெயர் இருந்தது, கருகும் பயிர் இருந்தது, கடன் இருந்தது. தனக்கு வியாழக்கிழமை நிச்சயம் தண்ணீர் வரும் என்று தெரிந்தவர் புதன்கிழமை இரவு கதவை உடைக்க மாட்டார்.

இன்னொரு விடயம், நமது தொழிலோடு சம்பந்தப்பட்டது. அந்த இளைஞர்களுக்கு நிரந்தர வேலை இருக்கவில்லை. அரச நியமனம் கிடைத்ததும் பலர் விலகிப் போனார்கள், ஆசிரியர்களாகவும் போனார்கள். அவர்கள் போன பிறகும் வாய்க்கால் குழுக்கள் பெரும்பாலும் நின்று நிலைத்தன. வெளியாள் தொடக்கி வைத்த ஒன்று ஊரின் சொந்தமாகிவிட்டதா என்று அறிய இதைவிட நல்ல சோதனை இல்லை.

பதினாறு வருடம் கழித்து இன்னொரு சோதனை வந்தது. 1997 சிறுபோகத்தில் குளத்திலுள்ள நீர் ஒரு சிறு பகுதிக்குத்தான் போதும் என்று திணைக்களம் சொன்னது. விவசாய அமைப்புகள் இடதுகரை முழுவதும், 65,000 ஏக்கரும், செய்வோம் என்று நின்றன. செய்தும் காட்டின. நல்ல விளைச்சலும் கண்டன. அது யுத்தம் நடந்த காலம் என்பதை மறக்க வேண்டாம். அப்ஹொஃபும் விஜயரத்னவும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதைக் கணக்கோடு எழுதியிருக்கிறார்கள். குளத்தில் ஒரு துளியும் கூடவில்லை. வீணாகிய தண்ணீர்தான் குறைந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்று நம் வாய்க்காலில் பம்பர்ஸும் ஷொப்பிங் பையும் கிடக்கின்றன. விவசாய அமைப்புக் கூட்டத்துக்குப் பசளை கொடுக்கும் நாளில் மட்டும் கூட்டம் நிறைகிறது. சிரமதானத்துக்கு அறுபது வயதுக்காரர்கள் வருகிறார்கள், இருபது வயதுக்காரர்கள் படமெடுக்க வருகிறார்கள். முறை என்பது ஒருதடவை கட்டிவைத்தால் நிற்கும் அணை அல்ல. ஒவ்வொரு போகமும் புதிதாக வெட்ட வேண்டிய வாய்க்கால் மாதிரி.

சனிக்கிழமைக் கூட்டம்

இனி நமது விடயத்துக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டுத்திட்டம் பற்றிய இரண்டாவது கூட்டம். கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று பணிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி. மழைத்தண்ணீர் எங்கால போகும்? அந்தக் காணி 1957 டிசம்பர் வெள்ளத்தில் எந்த அளவுக்கு மூழ்கியது என்று சொல்ல இன்னும் இரண்டு மூன்று மூத்தவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். 2011 ஜனவரி வெள்ளம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பொறியியலாளரை அழைத்து, அந்த மூத்தவர்களோடு காணியைச் சுற்றி ஒருதடவை நடக்கச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலம் போதும்.

இரண்டாவது, வடிகானும் கிணறும் பாதையும் யாருடைய பொறுப்பு? "சபை செய்யும்", "நிறுவனம் செய்யும்" என்ற பதில் வேண்டாம். அந்தப் பதில் கல்லோயாவில் முப்பது வருடத்தில் உடைந்துபோனது. எந்தப் பத்து வீடு எந்த வடிகானுக்கு, மாதத்தில் எந்த நாள், யார் கூப்பிடுவது என்று பெயரோடு எழுத வேண்டும். வீடு கிடைப்பவர்களைச் சாவி கொடுக்கும் நாளில் அல்ல, அத்திவாரம் போடுவதற்கு முன்பே கூட்டி இருத்திப் பேச வைக்க வேண்டும். அவர்கள் முதலில் ஒரு வேலையை ஒன்றாகச் செய்யட்டும். காணி எல்லையில் மரம் நடுவதாக இருந்தாலும் சரி.

மூன்றாவது, உறுதி யாருடைய பெயரில்? கணவன், மனைவி இருவரின் பெயரிலும் போட முடியுமா? நாளை மகளுக்கு ஓர் அறை கூட்டிக் கட்ட இடம் விட்டிருக்கிறார்களா? வரைபடத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். நம் வழக்கம் தெரிந்தவர் அதை அப்படி வரைந்திருக்க மாட்டார். அங்கே இருபத்துநான்கு மணித்தியாலமும் இருக்கப்போவது பெண்கள். முதல் கூட்டம் ஜும்ஆவுக்குப் பிறகு நடந்தது, பெண்கள் யாரும் அதில் இல்லை. ஆகவே சனிக்கிழமைக் கூட்டத்தைப் பாடசாலை மண்டபத்தில் வைத்துப் பெண்களையும் அழைக்கும்படி நிர்வாகத்தினரிடம் கேட்கிறேன். மண்டபத்துக்கு அதிபரின் அனுமதியை நான் பெற்றுத்தருகிறேன். கதிரை அடுக்க நமது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான்காவது, வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் தமிழ்க் கிராமத்தாரோடு யார் பேசுவது? நமது புதிய வடிகான் அவர்களது வயற்பக்கம்தான் சரியும். வெள்ளம் வந்த பிறகு பேசினால் அது சண்டை. இப்போதே கோயில் நிர்வாகத்தில் இரண்டு பேரை அழைத்து ஒரு தேநீரோடு பேசினால் அது அயலுறவு. அவர்களது விவசாய அமைப்பின் தலைவரும் நமது தலைவரும் ஒரே ஆரம்பக் கூட்டத்தில் வருடாவருடம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள்தானே.

இந்த நான்குக்கும் காசு தேவையில்லை. வேலையைச் சிலவேளை இரண்டு மாதம் பிந்த வைக்கலாம். "தருகிறவர்கள் மனம் மாறிவிடுவார்கள், கேள்வி கேட்காதீர்கள்" என்று சிலர் சொல்வதும் என் காதில் விழுந்தது. அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. வாடகை வீட்டில் மழைக்கு வாளி வைத்துத் தூங்கும் குடும்பத்துக்கு இரண்டு மாதம் சின்ன விடயம் அல்ல. ஆனால் அந்தக் குடும்பத்தின் பிள்ளைதான் அடுத்த முப்பது வருடத்தை அங்கே கழிக்கப்போகிறது. நல்ல மனதோடு தருபவர் நல்ல கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

மூத்தம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், "இந்தக் கொலனி எப்ப ஊராச்சி?" என்று. பாடசாலை வந்த வருடத்தைச் சொல்வார், அல்லது பள்ளிவாசல் கட்டிய வருடத்தைச் சொல்வார் என்று நினைத்தேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, ஒரு மாரியில் மூத்தாப்பா காய்ச்சலில் படுத்திருந்தபோது, பக்கத்து வரவைக்காரர்கள் நாலு பேர் கேட்காமலே வந்து நம் பங்கு வாய்க்காலையும் வெட்டிவிட்டுப் போனதைச் சொன்னார். அதில் ஒருவர் தமிழ் ஆள் என்றும் சொன்னார். பெயரையும் சொன்னார்.

பெரியவர்களே, கல்லோயாக் காலத்து ஞாபகங்கள் இருந்தால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி இதன் கீழே எழுத வையுங்கள். குறிப்பாக 1957 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரம். சனிக்கிழமைக்கு முன் தேவை.

வஸ்ஸலாம்.